தொட்டுப் பார்த்த ஈரம்

என் சம்பந்தி குழாய் வேலை செய்கிறவர். நான் மின்சார வேலை செய்கிறவன். அவர் மகனுக்கு என் மகளைக் கொடுப்பதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் ஒரே கட்டடங்களில் நாங்கள் எலியும் பூனையுமாக இருந்தோம். நான் ஒயர் இழுக்கக் குறித்து வைத்த சுவரில் அவர் முந்திக்கொண்டு சுவரை வெட்டிக் குழாய்க்குக் காடி எடுத்துவிடுவார். கேட்டால், "உன் ஒயர் வளையும், என் குழாய் வளையுமாடா?" என்பார். கல்யாணத்தன்று இரண்டு வீட்டுப் பெண்களும் எங்களை ஓரங்கட்டி, இனிமேல் வாடா போடா கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அன்றிலிருந்து வாங்க, போங்க, சம்பந்தி. மரியாதையாகத் திட்டிக்கொள்வது எவ்வளவு சிரமம் என்பது எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

வேலை வட்டாரத்தில் அவருக்குச் சொட்டு என்று பெயர். எங்கேயாவது குழாய் சொட்டினால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. விருந்துக்குப் போன வீட்டில் கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை என்றால், தொட்டிக்கு அடியில் கால் மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கிறார் என்று அர்த்தம். ஒரு துக்க வீட்டில், அழுதுகொண்டிருந்தவர்களை மெல்ல விலக்கிக்கொண்டு மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் மிதவையைச் சரிசெய்துவிட்டு வந்து, மறுபடி துக்கமாக உட்கார்ந்தார்.

கசிவைக் கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். இணைப்பின் அடிப்பக்கத்தை வலது கை மோதிர விரலால் ஒரு தடவு தடவுவார். பிறகு அதைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்ப்பார். மற்ற விரல்கள் காய்த்து மரத்துவிட்டன, அந்த ஒரு விரலில்தான் இன்னும் தோல் தோலாக இருக்கிறதாம். கையுறை போட்ட கைக்கு ஈரம் தெரியாது என்பது அவர் கட்சி. என் மீட்டரைப் பார்த்தால் அவருக்கு எப்போதும் சிரிப்பு. கண்ணுக்கும் கைக்கும் தட்டுப்படாத எதையும் அவர் நம்பியதில்லை. மின்சாரத்தையே அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டார், அதுவும் ஒரு தடவை தூக்கி எறிந்த பிறகு.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் அடிக்கடி கழிவறைக்கு ஓட ஆரம்பித்தார். போய் நின்றால் வரத் தாமதமாகும். "குழாய்க்காரருக்கே குழாய் அடைப்பா, சம்பந்தி?" என்று நான் கிண்டல் செய்தேன். அந்தக் கிண்டலுக்காக இன்றுவரை நான் என்னை மன்னிக்கவில்லை. அவர் டாக்டரிடம் போய்ச் சேரும்போது புராஸ்டேட் சுரப்பியில் பிறந்த புற்றுநோய் இடுப்பெலும்பு வரைக்கும் போயிருந்தது. ஹார்மோன் ஊசி போட்டார்கள், ஒன்றரை வருடம் கேட்டது. மாத்திரை கொடுத்தார்கள், கொஞ்ச நாள் கேட்டது. கீமோவும் ஆயிற்று. அதற்குப் பிறகும் ரத்தப் பரிசோதனையில், நோயின் அளவைக் காட்டுகிற பி.எஸ்.ஏ. என்கிற எண் ஏறிக்கொண்டே போய் நூற்று எண்பதில் நின்றது. குனிய முடியாமல், கருவிப் பையைத் தூக்க முடியாமல், நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்.

"வாழ்ந்தாச்சு. பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணியாச்சு, பேத்தியைப் பார்த்தாச்சு. இனி வந்தா லாபம், வரலைன்னா நஷ்டமில்ல."

இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்கிறவர்களும் ஆகா, என்ன மனத்தெம்பு என்று மெச்சிவிட்டுப் போவார்கள். நானும் மெச்சினேன்.

அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் கதிரியக்க மருந்துப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அவர் மகனும் நானும் கூடப் போனோம். அங்கிருந்த டாக்டர் கட்டைக் குரல்காரர், நிதானமாகப் பேசுகிறவர்.

"இந்தப் புற்றுநோய் செல்லுக்கு மேல ஒரு புரதம் இருக்கும். அதைத் தேடிப் போய் ஒட்டிக்கற மருந்து ஒண்ணு இருக்கு. அது முதுகுல கதிரியக்கத்தைக் கட்டி ரத்தத்துல விடறோம். எங்க ஒட்டுதோ அங்கேயே இருந்து சுடும். ஓரிரு மில்லிமீட்டர் தாண்டாது. ஆறு வாரத்துக்கு ஒண்ணா, ஆறு ஊசி வரைக்கும் போடலாம். முழுசா குணமாகும்னு சொல்ல மாட்டேன். நோயைப் பின்னால தள்ளலாம், வலியைக் குறைக்கலாம், நாளைக் கூட்டலாம்."

என் சம்பந்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒட்டாத மருந்து எங்க போகும்?"

"சிறுநீர்ல வெளிய போயிடும்."

"எந்தக் குழாயில?"

டாக்டர் சிரித்துவிட்டார். அதற்கென்று தனிக் குழாய், தனித் தொட்டி, கதிர்வீச்சு அடங்கும்வரை தேக்கி வைத்துத்தான் வெளியே விடுவார்கள் என்று விளக்கினார். அந்தத் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று இவர் அடம்பிடித்தார். மகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

முதலில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பு, முதுகு, விலா என்று படத்தில் பதினாலு இடத்தில் பளிச்சென்று மின்னியது. மகன் திரும்பி நின்று அழுதான். டாக்டரோ மாப்பிள்ளை கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டார். மின்னுகிற இடத்தில்தான் மருந்து போய் ஒட்டுமாம், மின்னாவிட்டால்தான் கவலைப்பட வேண்டுமாம். வேலைக்குப் போன வீட்டில் விளக்கு எரியாத இடத்துக்காகத்தான் நானும் கவலைப்படுவேன், அதனால் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

முதல் ஊசி நல்லபடியாக முடிந்தது. ஊசி போட்டுக்கொண்டவர் சில நாள் குழந்தைகளிடமிருந்து விலகி இருக்க வேண்டும் என்பதால் என் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டார். வாய் வறண்டது, இரண்டு நாள் சோர்ந்து கிடந்தார். நாலு வயதுப் பேத்தி, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பேத்தி, தெருவில் நின்று கை காட்டுவாள். நாலாவது வாரம் கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி இறங்கி வந்தார். ஆறாவது வாரம் எண் தொண்ணூற்றிரண்டு என்று வந்தது. என் மனைவி என்னைத் திட்டக்கூட மறந்துவிட்டாள், அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் இரண்டாவது ஊசி இழுத்தடித்தது. ஒரு தடவை ரத்த அணுக்கள் குறைவாக இருந்தன, ஒத்திப் போட்டார்கள். இன்னொரு தடவை மருந்து வந்து சேரவில்லை. இது கடையில் அடுக்கி வைக்கிற மருந்து இல்லை. ஆளுக்கென்று செய்து அனுப்புகிறார்கள், ஒரு வாரத்துக்குள் அதன் வீரியம் பாதியாகிவிடும். இப்படியே நாலு வாரம் போயிற்று. இடுப்பு வலி மெல்ல எட்டிப் பார்த்தது. மறுபடி நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தார். "வாழ்ந்தாச்சு" என்றார், இந்தத் தடவை சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

அந்த இரண்டாவது ஊசிக்கு மூன்றாவதாகக் குறித்துக் கொடுத்த நாளில், காலை பத்து மணிக்கு அவரை அழைத்துக்கொண்டு போனேன். மகனுக்கு வேலையில் லீவு இல்லை. கனமான கதவு போட்ட அறை, தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு கட்டில், அறையோடு சேர்ந்த கழிவறை. துடைக்கிற அம்மா தன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினாள். ஊசிக்கு முன்னால் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார்கள். இங்கே ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும், சிதறக்கூடாது என்று சட்டம். இவர் உள்ளே போனார்.

வெளியே வரும்போது கட்டைவிரலையும் மோதிர விரலையும் தேய்த்துக்கொண்டே வந்தார். எனக்கு அந்தத் தேய்ப்பு தெரியாதா?

"என்ன சம்பந்தி, கசியுதா?"

"ஒண்ணுமில்ல."

"இல்ல, விரலைத் தேய்க்கறீங்களே."

"ஒண்ணுமில்லன்னா விடுங்களேன்!" என்று சுள்ளென்று விழுந்தார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்கிற அம்மா வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், ஆனால் படு கறார். எப்போதும் கையில் ஒரு மீட்டர். கையில் மீட்டர் வைத்திருப்பவர்களை நான் இயல்பாகவே மதிப்பவன், அதனால் அவளுக்கு மீட்டரம்மா என்று பெயர் வைத்திருந்தேன். ஊசிக்கு முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு எடுப்பது அவள் வழக்கம். தலையிலிருந்து கீழே கொண்டுவந்தாள். மீட்டர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டிக்கொண்டிருந்தது. வலது கைக்கு வந்ததும் கிர்ரென்று கத்தியது.

மீட்டரம்மா நின்றுவிட்டாள். "ஐயா, இன்னும் ஊசியே போடல. உங்க கை ஏன் கத்துது?"

"போன ஊசியோட மிச்சமா இருக்குமோ?" என்று நான் வாயை விட்டேன்.

"அது தீர்ந்து எவ்வளவோ நாளாச்சு. மிச்சம் இருந்தா உடம்பு பூரா காட்டும், விரல் நுனியில வந்து உட்காராது. ஐயா, உள்ள எதைத் தொட்டீங்க?"

என் சம்பந்தி திருதிருவென்று விழித்தார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று தன் மோதிர விரலில் உட்கார்ந்துகொண்டு கத்துகிறது என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. விரலையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "அந்தத் துடைக்கிற அம்மாவோட கையைப் பாருங்க. முதல்ல அதைப் பாருங்க."

குட்டு வெளிப்பட்டது. கழிவறைக் கோப்பைக்குப் பின்னால் போகிற குழாயின் இணைப்பில் ஈரம். முந்தின நாள் அந்த அறையில் இருந்த நோயாளியின் சிறுநீர். பார்த்ததும் விரல் தானாகப் போய்விட்டது. நாற்பது வருடப் பழக்கம், சொல்லிக்கொண்டா போகும்?

துடைக்கிற அம்மாவை ஓடிப் போய்க் கூட்டி வந்தார்கள். அவளுடைய கையுறையிலும் துடைப்பத்திலும் லேசாகக் காட்டியது, கையில் ஒன்றுமில்லை. அதைக் கேட்ட பிறகுதான் இவருக்கு மூச்சு வந்தது. இவர் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார்கள், மீட்டர் அடங்கியது. சட்டையைக் கழற்றி ஒரு பையில் கட்டி, தேதி எழுதி, உள்ளே கொண்டுபோய்ப் பூட்டிவிட்டார்கள். சில வாரம் கழித்துத்தான் திருப்பித் தருவார்களாம்.

"ரொம்பக் கொஞ்சம்தான், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் மீட்டரம்மா. "ஆனா கசியறதைப் பார்த்துட்டு ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் யார் வீட்டுச் சொட்டுக்காகவோ துக்கத்தைக் கூட ஒத்திப் போட்ட மனிதர், இங்கே கசிவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். என் சம்பந்தியா இது என்று இருந்தது.

மீட்டரம்மா கழிவறைக் கதவில் சிவப்புப் பட்டை ஒட்டினாள். "கழிவறை இல்லாம ஊசி போட முடியாது, ஐயா. இன்னொரு ரூம்ல ஆள் இருக்கார், நாளைக்குத்தான் காலியாகும். உங்க மருந்துக்கு இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட கெடு முடியுது. அப்புறம் புதுசா வரவழைக்க மூணு வாரமோ நாலு வாரமோ."

மருந்து பக்கத்து அறையில், கனமான ஈயப் பானைக்குள் இருந்தது. இருபது அடி தூரம் இருக்கும். மறுபடி நாலு வாரம் என்றால் அந்த இடுப்பு என்னவாகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியின் பராமரிப்பு ஆள் வந்தார். கையுறை, காலுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கோப்பையைக் கழட்டணும். தரையை உடைச்சாதான் இணைப்பை மாத்த முடியும். ரெண்டு நாள் ஆகும்."

"எதுக்கு உடைக்கணும்?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டுக்கொண்டு, சட்டையில்லாமல், சாய்ந்த இடுப்போடு என் சம்பந்தி நின்றார். இருபத்தாறு வருடம் நான் சண்டை போட்ட குரல் அது.

"இணைப்புல ஒரு தப்பும் இல்ல, தம்பி. ஈரம் அடிப்பக்கம் மட்டும்தான், மேல காய்ஞ்சிருக்கு. நான் உக்காந்து எழுந்தப்ப கோப்பை ஒரு நூல் முன்னால ஆடிச்சு. இங்க வர்ற ஆம்பளைங்க எல்லாரும் உக்காந்துதானே போறாங்க? ஆடி ஆடி தரையில இருக்கற ரெண்டு திருகாணியும் தளர்ந்திருக்கு. கோப்பை முன்னால சாயறப்பல்லாம் ரப்பர் வளையம் அடியில விட்டுக்கொடுக்குது. திருகாணியை முறுக்குங்க. ஒரு பக்கமா முறுக்காதீங்க, இதுல அரைச் சுத்து, அதுல அரைச் சுத்து. பீங்கான், வெடிச்சுடும்."

பராமரிப்பு ஆள் மீட்டரம்மாவைப் பார்த்தார். மீட்டரம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, "அம்மா, இந்த ஆளோட எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனா கசிவைப் பத்தி இவர் சொன்னது தப்பாப் போய் நான் பார்த்ததில்ல" என்றேன். இதை அவர் முன்னால் சொன்னது அதுவே முதல் தடவை.

பராமரிப்பு ஆள் கோப்பையைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். "ஆமாம்மா, ஆடுது."

அரைச் சுற்று, அரைச் சுற்றாக முறுக்கினார். இணைப்பைத் துடைத்து, அடியில் வெள்ளைக் காகிதம் வைத்து, பத்துத் தடவை தண்ணீர் விட்டார்கள். காகிதம் காய்ந்தே இருந்தது. இவரைத் தொட மட்டும் யாரும் விடவில்லை. மீட்டரம்மா காகிதத்தைத் தன் மீட்டரால் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். கழுவி, துடைத்து, மறுபடி பார்த்து, தாளில் எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வந்தாள். ஒவ்வொரு தடவை அவள் வெளியே போகும்போதும் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மத்தியானம் இரண்டு இருபதுக்குச் சிவப்புப் பட்டையைக் கிழித்தாள். இரண்டே முக்காலுக்கு ஈயப் பானை வந்தது. பத்து நிமிடத்தில் மருந்து முழுவதும் கை நரம்பு வழியாக உள்ளே போய்விட்டது.

கிளம்பும்போது மீட்டரம்மா அவரிடம் சொன்னாள்: "நீங்க முதல்லயே சொல்லியிருந்தா பதினோரு மணிக்கே ஊசி போட்டிருக்கலாம், ஐயா."

"தப்புதாம்மா" என்றார் என் சம்பந்தி. அந்தச் சொல்லையும் நான் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை.

அதற்குப் பிறகு மூன்றாவது, நான்காவது ஊசியும் முடிந்துவிட்டன. எண் பதினொன்றுக்கு வந்திருக்கிறது. போன வாரம் தன் கருவிப் பையைத் தானே தூக்கிக்கொண்டு ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனார், போன கையோடு அந்த வீட்டு மின்சாரக்காரனோடு சண்டை போட்டுவிட்டும் வந்தார். இன்னும் இரண்டு ஊசி பாக்கி. நோய் எங்கேயும் ஓடிப் போய்விடவில்லை என்பது எங்களுக்குத் தெரியும், ஆனாலும் வீட்டில் எல்லோருடைய நடையிலும் ஒரு தெம்பு இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. அன்று மாலை காரில் அவர் சொன்னதற்காக.

ஊசி போட்டுக்கொண்டவர் ஓட்டுநரிடமிருந்து தள்ளி, பின் இருக்கையில் எதிர் மூலையில் உட்கார வேண்டும். அங்கி போட்ட மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். என் கோபம் இன்னும் அடங்கவில்லை. முதல் சிக்னலிலேயே கேட்டுவிட்டேன்.

"ஏன் சொல்லல? அந்தத் துடைக்கிற அம்மா கையில பட்டிருந்தா?"

"எனக்கும் தெரியும், சம்பந்தி."

"தெரிஞ்சுமா வந்து உக்காந்தீங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "சொன்னா ரூமை மூடிடுவாங்கன்னு தோணிச்சு. மூடினா ஊசி இல்ல. ஊசி போட்டு முடிச்சதும் சொல்லிடலாம்னு நினைச்சேன். நாற்பது வருஷத்துல ஒரு கசிவைப் பார்த்துட்டு நான் பேசாம வந்தது இன்னிக்குத்தான்."

"நீங்கதான் வாழ்ந்தாச்சு, வாழ்ந்தாச்சுன்னு..."

"அது உங்களுக்கெல்லாம் சொன்னது. பையன் அழறான், உங்க பொண்ணு அழறா, நீங்க ஒரு மாதிரியா பாக்கறீங்க. நானும் அழுதா யாரு தாங்கறது?" பிறகு, "சாகறதுக்குப் பயமா இருக்கு. ரொம்ப நாளாவே பயம்தான். எவ்வளவு கிடைக்கும்னு டாக்டர் சொல்ல மாட்டேங்கறார். எவ்வளவு கிடைச்சாலும் எனக்கு வேணும்" என்றார்.

மூன்று வருடம் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன், மாடி அறையில் படுக்கை போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர் பயந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்தார், நான் நம்பிவிட்டேன், நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது. காரை ஓரம் கட்டி நிறுத்தினேன். திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மூன்று நாளைக்கு யாரும் நெருங்கக்கூடாது என்று மீட்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். முன் இருக்கையில் உட்கார்ந்தபடியே, கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதேன். பின்னால் அவரும் அழுதார். அவர் அழுது நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.